அமுங்காத தண்ணீர் எவ்வளவு அமுங்கும்?

ஐந்தாம் படிவத்தில் எங்கள் இயற்பியல் ஆசிரியை ஒருநாள் வகுப்புக்கு ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சுகளைக் கொண்டுவந்தார். ஒன்றில் காற்று. மற்றொன்றில் தண்ணீர். முனையை விரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு தண்டை அழுத்திப் பார்க்கச் சொன்னார். காற்று இருந்த சிரிஞ்சின் தண்டு பாதிவரை உள்ளே போய், கையை எடுத்ததும் துள்ளித் திரும்பியது. தண்ணீர் இருந்தது அசையவே இல்லை. வகுப்பிலேயே பலசாலி என்று பெயர் வாங்கிய நண்பன் முகம் சிவக்க அழுத்தியும் பயனில்லை.

பாடம் மலாய் மொழியில்தான் நடந்தது. ஆனால், நான் குறிப்பேட்டின் ஓரத்தில் தமிழில் எழுதிக்கொண்டேன்: 'தண்ணீர் அமுங்காது.' அந்த ஒரு வரி எஸ்.பி.எம். தேர்வுவரை எனக்குக் கைகொடுத்தது. காரின் பிரேக், வாகனங்களைத் தூக்கும் ஜாக் என்று எதைக் கேட்டாலும் திரவம் அமுங்காது என்றே தொடங்குவேன். முழுப் புள்ளியும் கிடைத்தது.

இப்போது பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஆய்வுக்கூடத்தில் அந்த வரி உடைந்தது.

10 லிட்டர் கொள்ளளவு உள்ள எஃகு உருளை ஒன்றை எங்கள் குழுவிடம் கொடுத்தார்கள். காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாதபடி அதைத் தண்ணீரால் நிரப்பி மூடினோம். பிறகு கை பம்பால் மேலும் தண்ணீரைச் செலுத்தி, உள்ளே 100 பார் அழுத்தத்தை உண்டாக்க வேண்டும். ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சூழ்ந்திருக்கும் வளிமண்டலத்தின் அழுத்தம். அதைப்போல் நூறு மடங்கு.

உருளைதான் நிரம்பிவிட்டதே, பம்பை ஒருமுறை அழுத்தினாலே முள் எகிறிவிடும் என்று நினைத்தேன். எகிறவில்லை. அழுத்த அழுத்த மெதுவாகத்தான் ஏறியது. முள் 100ஐத் தொட்டபோது பம்பின் தொட்டியில் 55 மில்லிலிட்டர் தண்ணீர் குறைந்திருந்தது.

"நிரம்பிய பாத்திரத்துக்குள் 55 மில்லிலிட்டர் எப்படிப் போனது?" என்று விரிவுரையாளர் கேட்டார்.

"கசிவு" என்றேன்.

வால்வை மூடிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்கச் சொன்னார். முள் அசையவில்லை. கசிவு இருந்தால் இறங்கியிருக்கும். "உருளை விரிந்திருக்கும்" என்றாள் தோழி. "சரி, அதற்கு ஏறக்குறைய 10 மில்லிலிட்டர். மீதி 45 எங்கே?" எங்கள் குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் எல்லாரும் தண்ணீர் அமுங்காது என்று எழுதித் தேறி வந்தவர்கள்.

அன்று மாலை அப்பாவுக்கு அழைத்தேன். அப்பா பாசிர் கூடாங்கில் குழாய் பொருத்துநர். புதிதாகப் போட்ட குழாய்களில் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, தாங்குகின்றனவா என்று பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட் அவருடைய அன்றாட வேலை. ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர்.

"அப்பா, டெஸ்ட் பண்ணும்போது பைப் நெறஞ்ச பிறகும் தண்ணி உள்ள போகுமா?"

சிரித்தார். "போகாம? நெறஞ்ச பிறகுதானம்மா வேலையே ஆரம்பம். பெரிய பைப்பா இருந்தா வாளி வாளியா போகும்."

"ஏன் போகுது?"

"பைப்பு கொஞ்சம் உப்பும். தண்ணி கொஞ்சம் ஒடுங்கும். எவ்வளவு போகும்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சிருக்கணும். அதுக்கு மேல போச்சுன்னா பம்ப நிறுத்திடணும்."

"ஏன் நிறுத்தணும்?"

சற்று நேரம் அமைதி. "வீட்டுக்கு வா, சொல்றேன்."

எங்களுக்குத் தெரியாமல்போன 45 மில்லிலிட்டர் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அந்த வெட்கத்தில்தான் நூலகத்தில் தேடத் தொடங்கினேன்.

வியர்த்த வெள்ளிப் பந்து

இந்தக் கேள்வியில் தடுமாறியவர்கள் நாங்கள் மட்டுமல்லர். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் ஆய்வாளர் குழு ஒன்று மெல்லிய வெள்ளிப் பந்து ஒன்றைத் தண்ணீரால் நிரப்பி, இறுக மூடி, சுத்தியலால் அடித்தது. ஒரே அளவு மேற்பரப்புக்குள் மிக அதிகக் கொள்ளளவு கொண்ட வடிவம் கோளம். எனவே, பந்து எங்கே நசுங்கினாலும் உள்ளே இடம் குறைந்தே தீரும். தண்ணீர் அமுங்கினால் உள்ளேயே இருக்கும்; அமுங்காவிட்டால் வெளியே வர வேண்டும். அடித்தபோது பந்தின் மேற்பரப்பில் தண்ணீர் பனித்துளிபோல் வியர்த்து வெளியே வந்ததாம். 1667இல் வெளியான அவர்களுடைய ஆய்வு நூலில் இது பதிவாகியிருக்கிறது. தண்ணீரை அமுக்க முடியாது என்ற எண்ணம் அடுத்த நூறாண்டுகளுக்கு நிலைத்தது.

அதை மாற்றியவர் லண்டனில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜான் கேன்டன். நெசவாளர் ஒருவரின் மகன். அவர் தண்ணீரை அமுக்க முயலவில்லை. அதன்மேல் ஏற்கெனவே இருக்கும் அழுத்தத்தை எடுத்துப் பார்த்தார். மேலே மயிரிழை போன்ற நுண்குழாய் பொருத்திய கண்ணாடிக் குமிழை நீரால் நிரப்பி, காற்றை உறிஞ்சும் கருவிக்குள் வைத்தார். வளிமண்டலத்தின் அழுத்தம் நீங்கியதும் நுண்குழாயில் நீர்மட்டம் இம்மியளவு உயர்ந்தது. காற்றை மீண்டும் உள்ளே விட்டதும் இறங்கியது. குமிழ் பெரியது, குழாய் நுண்ணியது. அதனால்தான் நீரின் மிகச் சிறிய மாற்றமும் கண்ணுக்குத் தெரிந்தது.

1762இல் லண்டன் ராயல் கழகத்தில் அவர் இதை அறிவித்தபோது ஐயங்கள் எழுந்தன. சோதனைகள் மீண்டும் செய்து பார்க்கப்பட்டன. 1764இல் அவருக்குக் கோப்ளி பதக்கம் வழங்கப்பட்டது. அவர் கண்ட அளவு, ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குப் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 46 பங்கு. இன்றைய கருவிகள் தரும் விடையும் அதற்கு மிக நெருக்கமானதே.

இந்த எண்ணை எங்கள் உருளையில் பொருத்திப் பாருங்கள். 10 லிட்டர் என்பது 10,000 மில்லிலிட்டர். அதில் பத்து லட்சத்தில் 46 பங்கு என்றால் 0.46 மில்லிலிட்டர். 100 பாருக்கு நூறு மடங்கு: ஏறக்குறைய 45 மில்லிலிட்டர். காணாமல்போன கணக்கு நேராகிவிட்டது.

பள்ளியில் சிரிஞ்சை அழுத்தியபோதும் தண்ணீர் அமுங்கத்தான் செய்தது. ஐந்து கிலோ எடையைத் தாங்கும் அளவுக்குக் கட்டைவிரலால் அழுத்தினால், 10 மில்லிலிட்டர் சிரிஞ்சுக்குள் மூன்று பாருக்குச் சற்றுக் குறைவான அழுத்தம் உண்டாகும். தண்டு உள்ளே நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழு பங்கு. அது தலைமுடியின் தடிப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நாங்கள் பார்த்தது 'அமுங்காத' தண்ணீரை அல்ல. எங்கள் கண்ணுக்கு எட்டாத அமுக்கத்தை.

கேன்டன் இன்னொரு புதிரையும் கவனித்தார். தண்ணீர் கோடையைவிடக் குளிர்காலத்தில் அதிகமாக அமுங்கியது. பெரும்பாலான திரவங்கள் சூடானால்தான் எளிதில் அமுங்கும். தண்ணீரின் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. குளிரக் குளிர அந்தப் பிடி ஒழுங்காக அமைந்து, இடையில் வெற்றிடம் கூடுகிறது. அழுத்தும்போது முதலில் விட்டுக்கொடுப்பது அந்த இடம்தான். ஏறக்குறைய 46 டிகிரி செல்சியஸில்தான் தண்ணீர் மிகக் குறைவாக அமுங்குகிறது. அதற்குமேல் அதுவும் மற்றத் திரவங்களின் வழிக்கு வந்துவிடுகிறது.

ஏரியில் அடித்த மணி

இவ்வளவு சிறிய அளவால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். முதல் பதில் ஒலியில் கிடைத்தது.

ஒலி என்பது நெருக்கமும் தளர்வுமாக மாறி மாறிச் செல்லும் அலை. துளியும் அமுங்காத பொருளில் ஒரு முனையைத் தட்டினால் மறுமுனை அதே கணத்தில் அசைய வேண்டும். அதாவது, ஒலியின் வேகம் எல்லையற்றதாகிவிடும். எந்தப் பொருளும் அப்படி இல்லை. தண்ணீர் எவ்வளவு அமுங்கும் என்று தெரிந்தால் அதில் ஒலி எவ்வளவு வேகமாகச் செல்லும் என்று கணக்கிடலாம்.

1826இல் திரவங்களின் அமுங்கும் தன்மையை ஆராய்ந்துகொண்டிருந்த கொலாடோன், ஸ்டர்ம் என்ற இருவர் இதைச் செய்து பார்த்தார்கள். இடம் ஜெனீவா ஏரி. இரவு நேரம். ஏரியின் ஒரு பக்கம் படகிலிருந்து நீருக்குள் தொங்கவிட்ட மணியை அடிக்க, அதே நொடியில் படகின் மேல் வெடிமருந்து பளிச்சென்று எரியும். 13 கிலோமீட்டருக்கும் அப்பால், மறுகரைப் பக்கம் இன்னொரு படகில் கொலாடோன். நீருக்குள் ஒரு முனை அமிழ்ந்திருந்த நீளமான தகரக் குழலில் அவர் காது. வெளிச்சம் தெரிந்ததற்கும் மணியோசை கேட்டதற்கும் இடையே ஒன்பது வினாடிகளுக்குச் சற்று அதிகம். வினாடிக்கு 1,435 மீட்டர் என்று கணக்கிட்டார்கள். காற்றில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் செல்லும்.

உங்கள் கால்குலேட்டரை எடுத்து நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு பொருள் அமுக்கத்தை எந்த அளவுக்கு எதிர்க்கிறது என்பதைப் பருமக் குணகம் என்பார்கள். அறை வெப்பநிலையில் தண்ணீருக்கு அது 220 கோடி பாஸ்கல். அதை அடர்த்தியான 1,000ஆல் வகுத்து வர்க்கமூலம் காணுங்கள். விடை 1,483. ஜெனீவா ஏரி அன்று 8 டிகிரி குளிரில் இருந்தது என்பதை நினைவில் வைத்தால், இரண்டு எண்களும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பது புரியும்.

இதே எண் நம் வீட்டுக் குழாயிலும் இருக்கிறது. துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரை நிறுத்தும்போது சுவருக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டிருப்பீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரை வால்வு சட்டென்று மறிக்கிறது. வால்வை ஒட்டிய தண்ணீர் நின்று அமுங்குகிறது; பின்னால் வருவது அதன்மேல் மோதி அமுங்குகிறது; இப்படியே அழுத்த அலை ஒன்று குழாய் வழியே பின்னோக்கி ஓடுகிறது. வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால் எழும் அழுத்தம் ஏறக்குறைய 14 பார். குழாயும் சற்று விரிவதால் உண்மையில் கொஞ்சம் குறையும். ஆங்கிலத்தில் இதை வாட்டர் ஹேமர் என்கிறார்கள். தண்ணீர்ச் சம்மட்டி என்று நாம் சொல்லலாம். தண்ணீர் கொஞ்சமும் அமுங்காமல், குழாயும் விரியாமல் இருந்தால் அந்த அடிக்கு அளவே இருக்காது. அந்தச் சின்ன நெகிழ்ச்சிதான் குழாயைக் காப்பாற்றுகிறது.

கடலின் முப்பது மீட்டர்

சிறிய எண்ணைப் பெரிய ஒன்றால் பெருக்கினால் என்ன ஆகும் என்பதற்குக் கடலைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கூடுகிறது. உலகக் கடல்களின் சராசரி ஆழம் ஏறக்குறைய 3,700 மீட்டர். அதன் பாதி ஆழத்தில் 185 பார். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 0.8 சதவீதம் சுருங்கும். 3,700 மீட்டரில் 0.8 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 30 மீட்டர். கடல்நீர் கீழேயுள்ள தன்னையே அமுக்கிக்கொள்வதால்தான் கடல்மட்டம் அந்த அளவு தாழ்ந்திருக்கிறது. தண்ணீர் உண்மையிலேயே அமுங்காததாக இருந்திருந்தால், கிள்ளான் துறைமுகமும் நாங்கள் வாழும் பாசிர் கூடாங்கின் கரையோரமும் பத்து மாடி ஆழத்தில் மூழ்கியிருக்கும். பாடநூலில் நாங்கள் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்ட எண்ணின் தயவில்தான் எங்கள் வீடு தரையில் நிற்கிறது.

பசிபிக் பெருங்கடலில் மரியானா அகழியின் மிக ஆழமான இடம் ஏறக்குறைய 10,900 மீட்டர். அங்கே அழுத்தம் 1,080 பாரைத் தாண்டும். நீர் ஏறக்குறைய 5 சதவீதம் அடர்ந்துபோயிருக்கும். 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார், டான் வால்ஷ் இருவரும் அங்கே முதன்முதலாக இறங்கினார்கள். அவர்களுடைய 'டிரியெஸ்ட்' கலத்தில், இருவர் அமரும் தடித்த எஃகுக் கோளத்துக்கு மேலே பெரிய மிதவை ஒன்று இருந்தது. அதில் காற்றை அடைத்தால் கடலின் அழுத்தம் அதை நசுக்கிவிடும். அதனால், ஏறக்குறைய 85,000 லிட்டர் பெட்ரோல் நிரப்பியிருந்தார்கள். பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது. அது திரவம் என்பதால் நசுங்கிப்போகாது.

ஆனால், பெட்ரோலும் அமுங்கும். தண்ணீரைவிட அதிகமாகவே அமுங்கும். மிதவையின் அடிப்பகுதியைத் திறந்துவிட்டிருந்ததால், கலம் இறங்க இறங்கப் பெட்ரோல் சுருங்கி, அந்த இடத்தில் கடல்நீர் புகுந்தது. கலத்தின் மிதப்பு குறைந்துகொண்டே வந்தது. அதை முன்கூட்டியே கணக்கிட்டு, டன் கணக்கில் இரும்புக் குண்டுகளை எடுத்துச் சென்றிருந்தார்கள். வேகம் கூடும்போதெல்லாம் கொஞ்சம் கொட்டுவார்கள். மேலே திரும்பி வருவதற்கும் குண்டுகளைக் கொட்டித்தான் ஆக வேண்டும். 'திரவம் அமுங்காது' என்று அவர்கள் நினைத்திருந்தால் அந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள். இருவரும் திரும்பியிருக்கவும் மாட்டார்கள்.

பழச்சாறும் வைரமும்

கடலின் அடியிலுள்ளதைவிடப் பல மடங்கு அழுத்தத்தைத் தாங்கிய தண்ணீரை நீங்கள் குடித்திருக்கவும் கூடும். பேரங்காடிகளில் உயர் அழுத்தத்தில் பதப்படுத்திய பழச்சாறு விற்கிறார்கள். போத்தலில் அடைத்த சாற்றை, தண்ணீர் நிரம்பிய தடித்த எஃகுக் கலத்தில் இட்டு, ஏறக்குறைய 6,000 பார்வரை அழுத்தத்தை ஏற்றிச் சில நிமிடங்கள் வைப்பார்கள். கொதிக்கவைக்காமலேயே கிருமிகள் செயலிழந்துவிடும். 1990இல் ஜப்பானில் ஜாம் வகைகள் இந்த முறையில் முதலில் விற்பனைக்கு வந்தன.

6,000 பாரில் தண்ணீர் 15 சதவீதம் சுருங்கிவிடுகிறது. அமுக்கும் வேலையில் செலவான ஆற்றல் வெப்பமாகவும் தெரிகிறது: ஒவ்வொரு 1,000 பாருக்கும் ஏறக்குறைய 3 டிகிரி. கண்ணாடிப் போத்தல் இதற்கு ஆகாது. உள்ளே சாறு சுருங்கும்போது தானும் சுருங்கி, பிறகு பழைய வடிவத்துக்கு மீளும் பிளாஸ்டிக் போத்தல்தான் வேண்டும்.

இன்னும் அழுத்தினால்? அறை வெப்பநிலையிலேயே, ஏறக்குறைய 10,000 பாரில் தண்ணீர் உறைந்துவிடுகிறது. அதற்குள் அதன் கன அளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். உண்டாகும் பனிக்கட்டி நம் ஐஸ் டீயில் மிதப்பது போன்றதல்ல. ஆறாம் வகைப் பனி என்று அதற்குப் பெயர். தண்ணீரைவிட அடர்த்தியானது, தண்ணீரில் மூழ்கும். இத்தகைய பனி வகைகளை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்சி பிரிட்ஜ்மன். அழுத்தம் கூடக் கூடத் தானே இன்னும் இறுகிக்கொள்ளும் மூடி ஒன்றை அவர் உருவாக்கினார். மிக உயர்ந்த அழுத்தத்தை உண்டாக்கும் கருவிகளுக்காகவும் அவற்றால் கண்டறிந்தவற்றுக்காகவும் 1946இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்.

20,000 பாரைத் தாண்டினால் ஏழாம் வகைப் பனி. இது ஆய்வுக்கூடத்தில் மட்டுமே கிடைப்பது என்று நினைத்திருந்தார்கள். 2018இல், பூமியின் ஆழத்தில் உருவான வைரங்களுக்குள் அது சிக்கியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வைரம் உருவானபோது ஆழத்திலிருந்த நீர் உள்ளே மாட்டிக்கொண்டது. வைரம் மேலே வந்த பிறகும் அதன் இறுகிய சுவர்கள் அழுத்தத்தை விடவில்லை. பூமியின் ஆழத்தில் நீர் இருக்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி.

அப்பாவின் கை

பருவ விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அப்பாவுக்கு இவை எல்லாவற்றையும் சொன்னேன். வைரக் கதையை அம்மா இரண்டு முறை கேட்டார். பிறகு, தொலைபேசியில் நிறுத்திவைத்த கேள்விக்கு வந்தேன். கணக்குக்கு மேல் தண்ணீர் போனால் ஏன் பம்பை நிறுத்த வேண்டும்?

அப்பா சட்டைக் கையை மடித்து இடது முழங்கையைக் காட்டினார். அந்தத் தழும்பைச் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். வேலையில் அடிபட்டது என்பதற்கு மேல் யாரும் சொன்னதில்லை.

"நீ பொறக்குறதுக்கு முந்தி. வேற பட்டறை. பைப்பு ஒரு இடத்துல மேல ஏறி வளைஞ்சு இறங்கும். அந்த உச்சியில ஒரு வால்வு இருக்கும். தண்ணி நெறைக்கும்போது அதத் திறந்து காத்த வெளியாக்கணும். அன்னிக்கு யாரும் திறக்கல. மெஷின் பம்பு. ஓடுது, ஓடுது, முள்ளு ஏறவே மாட்டேங்குது. காத்து இருக்கு, நிறுத்துங்கன்னு சொன்னேன். நேரமாச்சு, நாளைக்குப் பெரிய ஆளு வர்றாரு, ஏத்துன்னாங்க."

அழுத்தம் ஏறியது. குழாயின் முனையில் தற்காலிகமாகப் போட்ட மூடி பிய்த்துக்கொண்டு பறந்தது. சாரக்கட்டில் மோதித் தெறித்த துண்டு அப்பாவின் முழங்கையைக் கிழித்தது. பக்கத்தில் நின்ற நண்பருக்குத் தோள்பட்டை எலும்பு நொறுங்கியது. அவர் அந்த வேலைக்குத் திரும்பவே இல்லை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1,000 லிட்டர் கொள்ளளவு உள்ள குழாய். 100 பார் அழுத்தம். உள்ளே முழுக்கத் தண்ணீர் இருந்தால், அது 4.5 லிட்டர் அளவுதான் சுருங்கும். அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 23,000 ஜூல். ஒரு டன் எடையுள்ள காரை இரண்டு மீட்டருக்குச் சற்று மேலே தூக்கலாம். அதுவே முழுக்கக் காற்றாக இருந்தால்? ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் ஜூல். அதே காரைக் கடல்மட்டத்திலிருந்து கெந்திங் மலை உயரத்துக்குத் தூக்கப் போதும். ஏறக்குறைய 800 மடங்கு வேறுபாடு. குழாய்களைக் காற்றால் அல்லாமல் தண்ணீரால் சோதிப்பது இதனால்தான். தண்ணீர் உடைப்பில் கொஞ்சம் வெளியேறியதும் அழுத்தம் விழுந்துவிடும். காற்று விரிந்துகொண்டே தள்ளும்.

அப்பா சொன்ன நிலை இரண்டுக்கும் இடைப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு காற்று அடைபட்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். 100 பாரில் அந்தக் காற்று முழுவதும் மூன்று லிட்டரைச் சற்றே தாண்டிய இடத்துக்குள் ஒடுங்கிவிடும். அந்த இடத்துக்குள் மட்டும் ஏறக்குறைய 60,000 ஜூல். சுற்றியிருக்கும் மற்ற எல்லாத் தண்ணீரிலும் சேர்த்து 23,000கூட இல்லை.

இதில் முக்கியமான ஒன்று உண்டு. ஆபத்தை முன்கூட்டியே காட்டியது அந்த 4.5 லிட்டர்தான். தண்ணீர் எவ்வளவு அமுங்கும் என்று தெரிந்தவருக்கு, ஐந்து லிட்டர் போக வேண்டிய இடத்தில் முந்நூறு லிட்டர் போவது எச்சரிக்கை மணி. தண்ணீர் அமுங்கவே அமுங்காது என்று மட்டும் படித்தவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க எண்ணே இல்லை. ஆய்வுக்கூடத்தில் எனக்கு இல்லாததுபோல.

எங்கள் ஆசிரியை தவறாகச் சொல்லிவிட்டார் என்று நான் சொல்லவரவில்லை. பிரேக்குக்கும் ஜாக்குக்கும் 'அமுங்காது' என்று வைத்துக்கொண்டால் விடை சரியாகவே வரும். மிகச் சிறியதை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுவது பொறியியலில் அன்றாடம் நடப்பது. ஆனால், ஒதுக்கியது எவ்வளவு, எந்த எல்லைவரை அதை ஒதுக்கலாம் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எஸ்.பி.எம். எழுதப்போகும் தம்பி தங்கைகளே, உராய்வு இல்லை, காற்றின் தடை இல்லை, நூலுக்கு எடை இல்லை என்று உங்கள் கேள்வித்தாளிலும் வரும். தேர்வில் அப்படியே வைத்துக்கொண்டு எழுதுங்கள். வெளியே வந்ததும், உண்மையில் எவ்வளவு என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

ஐந்தாம் படிவக் குறிப்பேடு இன்னும் வீட்டு அலமாரியில் இருந்தது. 'தண்ணீர் அமுங்காது' என்ற வரியை அடிக்கவில்லை. அதன் கீழே எழுதினேன்: '100 பாருக்கு 0.45 சதவீதம் அமுங்கும்.'

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "பக்கத்துலயே காத்துக்கும் எழுதிடும்மா" என்றார்.